தராசுக்கு ஓட்டு

சாலைக் கடைத்தெருவுக்குப் பொருள் வாங்க வருவோர் கவனத்துக்கு! இன்று முதல் தராசுகளுக்கு முத்திரை கிடையாது. லீகல் மெட்ராலஜி அதிகாரிகள் ஒருதலைப்பட்சமாக நடப்பதால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இனி மக்களே நீதிபதிகள். ஒரு கிலோ வெங்காயத்தில் நூறு கிராம் குறைந்தால் நீங்களே ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். சம்பளம் கேட்கக் கூடாது. எப்போதும் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு கட்சிக்காரர்களும் 'ஆமாம், எடை குறைவுதான்' என்று ஒத்துக்கொண்டால் மட்டும் அந்தச் சீட்டைக் கடை வாசலில் தொங்கவிடுவோம். அதுவரை வியாபாரம் நடக்கும். லாபம் கடைக்காரருக்கு.

திருவனந்தபுரத்தில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய இந்தச் சந்தையில் இப்படியொரு நோட்டீஸ் ஒட்டினால், ஒட்டியவனைக் கிழக்கேகோட்டை வரை துரத்தி அடிப்பார்கள். 2025 ஜனவரி 7 அன்று மார்க் ஸக்கர்பெர்க் ஒட்டினார்; கைதட்டல் கிடைத்தது. அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இனி உண்மை சரிபார்ப்பு நிறுவனங்கள் வேண்டாமாம், எக்ஸ் தளத்தைப் போலப் பயனர்களே திருத்தக் குறிப்பு எழுதும் 'கம்யூனிட்டி நோட்ஸ்' போதுமாம்.

கேட்டால் ஆராய்ச்சி இருக்கிறது என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. 2021இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு 207 செய்திகளைச் சாதாரண மனிதர்களிடம் கொடுத்தது. இரு அரசியல் தரப்பும் சமமாக இருந்த சிறு குழுவின் சராசரி, தொழில்முறை சரிபார்ப்பாளர்களின் கணிப்போடு நன்றாகவே ஒத்துப்போனது. அதே ஆண்டு வேறொரு குழு, வெளியாகி மூன்று நாள்கூட ஆகாத செய்திகளைக் கொடுத்துப் பார்த்தது. தொழில்முறைக்காரர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கூட்டம் திணறியது. ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதே இதற்காகத்தான். முதலாளிகளோ தங்களுக்குத் தோதான பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டார்கள்.

இதில் கூட்டத்தைப் பழிப்பது அநியாயம். கோவிட் தடுப்பூசி பற்றி எக்ஸில் வந்த குறிப்புகளைச் சோதித்தபோது 97.5 சதவீதம் சரியாக இருந்ததாக 2024இல் 'ஜாமா' இதழ் வெளியிட்டது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்கத் தேர்தல் பொய்கள் 283ஐ எடுத்துப் பார்த்தால், சரியான குறிப்பு எழுதியிருந்தும் 74 சதவீதப் பொய்களுக்கு அது எல்லார் கண்ணிலும் படவில்லை. சம்பளமில்லாமல் எழுதியவர்களின் உழைப்பு பெட்டிக்குள்ளேயே மக்கிப்போனது.

ஏன் மக்குகிறது? எதிரெதிர் தரப்பினர் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் குறிப்பு வெளியே வரும். அதன் லட்சணத்துக்கு நம் ஊர் உதாரணமே போதும். 2020 மே மாதம் வெடி வைத்த உணவைக் கடித்துக் கர்ப்பிணி யானை செத்தது பாலக்காடு மாவட்டத்தில். நாடு முழுக்கப் பரப்பியதோ முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புரம் என்று. ஏன் மலப்புரம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் பொய்க்கு ஒரு திருத்தம் எழுதி, மலப்புரத்தை வெறுக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவரிடமே ஒப்புதல் வாங்கி வாருங்கள் பார்ப்போம்! இரு தரப்பையும் மோதவிடும் பொய்தான் ஆளைக் கொல்லும். அந்தப் பொய்யின் முன்னால்தான் இந்த முறை வாயடைத்து நிற்கும்.

சரி, வேலை செய்கிறதா என்று நாமே சோதித்துப் பார்க்கலாமா? குறிப்புகளையும் ஓட்டுகளையும் நிரலையும் எக்ஸ் திறந்துதான் வைத்திருக்கிறது. திருத்தம் வருவதற்குள் பொய் எத்தனை பேரைத் தொட்டது என்று பார்க்கத்தான் 2023 முதல் காசு கட்டவேண்டும். பெரிய அளவில் எடுக்க மாதம் 42,000 டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய்! கேரளப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் வீட்டை விற்றால் ஒரு மாதத்துக்குத் தாங்கலாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு விலை சொல்லும் சிரமம்கூட இல்லை. பொது ஆய்வுக்குப் பயன்பட்ட கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்ட் 14 அன்று இழுத்து மூடிவிட்டது.

திரும்பச் செய்து பார்க்க விடாதவன் சொல்வதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, விளம்பரம். முதலாளிகளே, பொய்யில் நீங்கள் சம்பாதித்த கணக்கையும், அது யார் யாரைப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கையும் திறந்து வையுங்கள். கூட்டிக் கழித்து நாங்கள் சொல்கிறோம். அதுவரை 'மக்கள் தீர்ப்பு' என்று எங்கள் பெயரை இழுக்காதீர்கள்.