இருபத்தொரு வயதுக் கிழவிகள்

வேலையில் வயதுப் பாகுபாடு பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கத் துடிக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளே, அமெரிக்காவுக்கு விசா எடுக்காதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவரை வயதைக் காட்டி விரட்டாதே என்று அவர்கள் 1967இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே போனால் வழக்குக் கட்டுகளைத்தான் புரட்ட முடியும். குற்றத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுங்கள்.

இங்கே நூலக அட்டைகூட வேண்டியதில்லை, மின்கம்பத்தில் ஒட்டிய மில் போஸ்டரே போதும். “பெண்கள் தேவை. வயது 18 முதல் 22 வரை. திருமணமாகாதவர்கள் மட்டும். உணவு, தங்குமிடம் இலவசம்.” கீழே செல்போன் எண். குற்றம் செய்கிறவன் தன் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போவதை வேறெங்கே பார்ப்பீர்கள்? அது குற்றமென்றே அவனுக்குத் தெரியாது. சட்டத்துக்கும் தெரியாது. அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் மதம், சாதி, பால், பிறந்த இடம் பார்க்கக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. அதில் வயது இல்லை. தனியார் மில்லின் போஸ்டர் பக்கமோ அந்தப் பிரிவு எட்டியே பார்க்காது.

உலகமெல்லாம் கிழடுகளைத்தான் ஒதுக்குகிறது. கொங்கு நாட்டு நூற்பாலைகளின் கண்டுபிடிப்பு அதையும் மிஞ்சியது. முருங்கையைப் பிஞ்சில் பறித்தால்தான் விலை என்கிற மண்டிக் கணக்கை மனுஷிக்கும் போட்டார்கள். பெயர் சுமங்கலித் திட்டம். சனங்கள் சொன்ன பெயர் கேம்ப் கூலி. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும், பெரும்பாலும் தலித், நிலமற்ற வீடுகளின் பெண்களை ஏஜென்ட் கூட்டிவருவார். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் வந்தார்கள் என்று 2011இல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை உலகுக்குச் சொன்னது. மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைந்து கிடந்து, பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, முழு நைட்டு நின்று அறுந்த நூலை ஒட்ட வேண்டும். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. அவள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம், கல்யாணச் சீராகத் திரும்பி வரும். வரதட்சணையை 1961இலேயே சட்டம் தடுத்துவிட்டது. மில் அதற்குத் தவணைத் திட்டம் நடத்தியது. இடையில் காய்ச்சலில் படுத்து ஊருக்குப் போனவளுக்கு அந்தப் பணமும் கிடையாது.

“ஏனுங்க, பொம்பளப் புள்ளைக பத்திரமா இருக்கோணுமில்லீங்க?” என்பார்கள் கேட்டைப் பூட்டியபடி. பத்திரமாக இருந்தது சங்கக் கொடி ஏறாத மில் வாசல். சின்னியம்பாளையத்து மில் சங்கத் தொழிலாளர் நால்வரை 1946இல் தூக்கிலிட்ட ஊர் இது. அந்தத் தலைமுறை சங்கம் கட்டி நிரந்தர வேலை வாங்கியது. அடுத்த தலைமுறை முதலாளிகள் நிரந்தரமாகவே முடியாத வயதில் ஆளெடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கு என்கிறது. மூன்று வருடம் என்பது 1,095 நாள். கணக்கு உதைக்கிறதா? அவளுக்குப் ‘பயிற்சியாளர்’ என்று பெயர் வைத்துவிட்டால் உதைக்காது. நூல் ஒட்ட மூன்று வருடப் பயிற்சி! டாக்டர் படிப்பே ஐந்தரை வருடத்தில் முடிந்துவிடுகிறது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். அதே 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்களுக்கு 58 வரை வேலை. இவர்களுக்கு 35இல் ஓய்வு, கர்ப்பமானால் வேலை போச்சு, நான்கு வருடத்துக்குள் கல்யாணம் கட்டினாலும் போச்சு. கர்ப்ப விதியை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது. கல்யாண விதியை, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லது என்ற காரணமும் சொல்லி விட்டுவைத்தது. விமானத்தில் நான்கு வருடம் செல்லுமென்றால் மில்லில் மூன்று வருடம் செல்லாதா?

வயதை அரசு நினைத்தால் நீட்டவும் தெரியும். 2020 மே மாதம் தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59. அடுத்த பிப்ரவரியில் 60. ஒன்பது மாதத்தில் இரண்டு வருடம் கூடிற்று. அதே 2020 ஊரடங்கில் பூட்டிய மத்திய அரசின் கோவை என்.டி.சி. (தேசியப் பஞ்சாலைக் கழக) மில்களின் தொழிலாளிக்கு வயது முடியும் முன்பே ஓய்வு. வேறு மில் வாசலில் போய் நின்றால், “வயசாயிருச்சுங்களே!” சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயதுக்குக் கீழே இருக்கக் கூடாது, மேலே வரம்பே கிடையாது. மில் சேர்மன் நாற்காலிக்கும் கிடையாது. இருபத்தொரு வயதில் கிழவியாகிப்போவது நூல் ஒட்டியவள் மட்டும்தான்.

ஆய்வேட்டுக்குப் பரிந்துரை நானே எழுதித் தருகிறேன், மேற்கோள்கூடக் காட்ட வேண்டாம். வேலை விளம்பரத்தில் வயது வரம்பும் கல்யாணமும் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். 480 நாள் நூல் ஒட்டியவள் என்ன பெயரில் இருந்தாலும் நிரந்தரத் தொழிலாளி. இவ்வளவுதான். இதை எழுத முனைவர் பட்டம் தேவையில்லை, சட்டமாக்கக் கொஞ்சம் சொரணை இருந்தால் போதும். அது இல்லாதவர்களுக்குத்தான் நாம் வயது வரம்பில்லாமல் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.