பையிலை என்ன?

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மலை என்றால் கீரிமலை. அங்கே மலை கிடையாது; கடலும் கேணியும்தான் உண்டு. கொஞ்சம் தள்ளிக் காங்கேசன்துறையில், சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய கிடங்குகள் உண்டு. உயரத்துக்குப் பனையையும் பள்ளத்துக்குக் கிணற்றையும் மட்டுமே அறிந்த ஒரு பொடியன், 1974 ஆவணி விடுமுறையில் ‘உலக முடிவு’ பார்க்கப் புறப்பட்டான். அது நான்.

பள்ளிக்கூடச் சுற்றுலா. செலவு, அப்பாவின் வெங்காயக் காசு. இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. தோட்டக்காரர் வீடுகளில் கிடுகு இறங்கி ஓடு ஏறியது. அதே காலத்தில்தான் அரிசிப் பஞ்சமும். கிழமையில் சில நாட்கள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு கிடையாது. அரிசியை அளவுக்கு மேல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. றோட்டில் தடை போட்டுச் சோதித்தார்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு நாலு நாள் சமைக்க வேண்டுமே! வாத்தியார் சுற்றறிக்கை எதுவும் எழுதவில்லை. வகுப்பில் சும்மா சொல்வது போலச் சொன்னார்: “குளிர் இடம். எல்லாரும் ஒரு தலகணி கொண்டு வாங்கோ. பஞ்சுத் தலகணி வேண்டாம்.”

என் தலகணியை அக்கா தைத்தார். அரிசியை நிரப்பி, மேலே ஒரு பிடி பஞ்சு வைத்து, நாலு பக்கமும் நெருக்கித் தைத்தார். சுற்றுலாவுக்கு அக்கா வரவில்லை. பெட்டைப் பிள்ளைகளை நாலு நாள் வெளியே அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தலகணி மட்டும் போனது.

வவுனியாவுக்கு அங்கால் பஸ்ஸை மறித்தார்கள். ஏறியவர் வாத்தியாரைக் கேட்ட முதற்கேள்வி: “பையிலை என்ன?” நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தலகணியில் சாய்ந்து நித்திரை கொண்டோம். பட்டப்பகலில் நாற்பது பிள்ளைகள் அசையாமல் நித்திரை கொள்வதைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அல்லது அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். திரும்பி வரும்போது தலகணிகளைச் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

பட்டிப்பொலவுக்கு மேலே பஸ் ஏறாது என்று சாரதி கையை விரித்துவிட்டார். மிச்சம் ஆறேழு மைல் நடை. சுவெற்றர் எங்களில் மூன்று பேரிடம்தான் இருந்தது. முறை வைத்துப் போட்டுக்கொண்டோம். ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, அங்கிருந்து இன்னும் நடந்து, உலக முடிவை அடையப் பின்னேரம் இரண்டு மணி. முன்னால் ஒரே வெள்ளை. புகார் வந்து மூடிவிட்டது. கைநீட்டினால் விரல் தெரியவில்லை.

வாத்தியார் மனம் தளரவில்லை. தடியை நீட்டி, “இதிலை பள்ளம். நேரை கீழை. வானம் வெளிச்சிருந்தால் தெற்குக் கடலும் தெரியும். எழுதுங்கோ” என்றார். எழுதினோம். ஊருக்கு வந்து ‘நான் கண்ட உலக முடிவு’ என்ற தலைப்பில் கட்டுரையும் எழுதினேன். நூற்றுக்கு எழுபத்தெட்டு.

அதற்குப் பிறகு நீண்ட காலம், உலக முடிவு பார்க்க மலைக்குப் போக வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1992 இல் அக்கா கொழும்பிலிருந்து திரும்பி வந்தார். வடக்கே கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியல் ஒன்று அப்போது இருந்தது. சவர்க்காரம், மெழுகுதிரி, எரிபொருள் என்று நீண்ட அந்தப் பட்டியலில் பற்றறியும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். செய்தி சொல்பவர் வேகமாகப் படித்தால் எங்களுக்குக் கை நோகும்.

தம்பி கை நோகக் கூடாதென்று அக்கா இரண்டு பற்றறி வாங்கினார். பொலித்தீனில் சுற்றி, வறுத்த அரிசிமாவுக்குள் புதைத்தார். தலகணி தைத்த கை அல்லவா! சாவடியில் ஒரு பொடியன் கேட்டான்: “பையிலை என்ன?” “மா, தம்பி.” அவன் ஒரு கம்பியை விட்டுக் கிண்டினான். கம்பி டக்கென்று முட்டியது. பற்றறி போனது, மா நிலத்தில் போனது. மிச்சப் பையோடு கிளாலியில் இரவு வள்ளம் ஏறி அக்கா வந்து சேர்ந்தார். வந்ததும் சொன்னது இவ்வளவுதான்: “மா நல்லா வறுபட்டிருந்தது. அநியாயம்.”

பிறகு பாஸ் எடுத்துப் போனோம். கப்பலில் திருகோணமலைக்குப் போனோம். 2002 இல் ஏ-9 திறந்தது. 2006 இல் மூடியது. 2009 க்குப் பிறகு மறுபடி திறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 321 கிலோமீற்றர் என்று கல்லில் எழுதியிருக்கும். அதை நாங்கள் கிலோமீற்றரில் அளந்தது குறைவு. எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

2024 மாசியில் அக்காவின் பேரன் ரொறன்ரோவிலிருந்து வந்தான். படத்தில் பார்த்துவிட்டு, “உலக முடிவுக்குப் போவம் அம்மம்மா” என்றான். குளிரூட்டிய வான், காப்பெற் றோட்டு. ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம் எல்லாம் பெயர்ப்பலகைகளாக ஓடி மறைந்தன. முறிகண்டிப் பிள்ளையாருக்கு மட்டும் நின்று தேங்காய் உடைத்தோம். ஓமந்தை வரப்போகிறது என்றவுடன் அக்கா கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வான் நிற்கவில்லை. தம்புள்ளை மட்டும் அட்டை மடியிலேயே கிடந்தது.

நுவரெலியாவில் தங்கினோம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வாசல் திறக்கிற ஆறு மணிக்கு நிற்கலாம்; ஒன்பதுக்குப் பிறகு புகார் மூடிவிடும் என்று சாரதி படித்துப் படித்துச் சொன்னார். எல்லாம் சரிதான். அன்று திங்கட்கிழமை. வெளிக்கிட்டு, வழியில் தேத்தண்ணி குடித்து, வாசலுக்கு வர ஏழரை. ஏழரை தொடக்கம் ஒன்பது வரை ராகுகாலம். “உலக முடிவுக்குப் போற பயணம். ராகுகாலத்திலை கால் வைக்கிறதோ?” என்றார் அக்கா. பேரனிடம் இதற்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

நுழைவுச் சீட்டுக்கு வெளிநாட்டவருக்கு ஒரு விலை, உள்நாட்டவருக்கு வேறொரு விலை. பேரனின் கடவுச்சீட்டைப் பார்த்து டொலர் கணக்கில் வாங்கினார்கள். எங்கள் அட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை இந்த நாட்டவன் என்று ஒத்துக்கொண்ட அந்தச் சாளரத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பது மணிக்கு நடைபாதை வாசலில் ஒரு மேசை. சீருடை போட்ட பொடியன். சிரித்த முகம். தெரிந்த தமிழில் கேட்டான்: “அம்மா, பையிலை என்ன?”

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. சொல்லாமலே அட்டையை நீட்டினார். அவன் வாங்கவில்லை, அவனுக்கு வேண்டியது பொலித்தீன். 1988 இல் தேசிய பூங்காவாகி, 2010 இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமையான இடம். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. பிஸ்கற்றை உறை நீக்கிக் கடதாசியில் கொட்டினான். தண்ணீர்ப் போத்தலின் லேபலை உரித்தான். லஞ்ச் சீற்றில் கட்டிய புட்டும் கடதாசிக்கு மாறியது. பனங்கட்டிக் குட்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓலை. “நல்லது” என்று வைத்துவிட்டான். 1974 இல் எங்கள் சாப்பாடு முழுக்க வாழையிலையிலும் ஓலைப் பெட்டியிலும்தான் போனது. அன்றைக்கு இவன் நின்றிருந்தால் எங்களுக்கு மாலை போட்டிருப்பான், தலகணியைத் தொடாத வரைக்கும்.

பையின் அடியில் துவாய். துவாய்க்குள் மாப் போத்தல். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பொடியன் மூடியைத் திறந்து கரண்டியை விட்டான். டக்.

பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிய இரண்டு பற்றறி. ரோச் லைற்றுக்காம். முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஒருவரும் தடுக்காத பொருளை, ஒருவரும் கேளாத இடத்தில், அக்கா அரிசிமாவுக்குள் புதைத்திருக்கிறார்.

பொடியன் சுற்றியிருந்த பொலித்தீனை நிதானமாக அவிழ்த்துத் தன் பெட்டியில் போட்டான். பற்றறி இரண்டையும் மாவைத் துடைத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். அக்கா கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தபடியே நின்றார்.

நடந்தோம். குட்டை மரங்கள், பாசி பிடித்து முறுகிய கிளைகள். காற்றோடு வரும் புகாரை அந்த இலைகளும் பாசியும் துளித்துளியாகப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தப் பக்கத்தில் ஊற்று உண்டு. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை வைத்துக்கொண்டு ஆறு என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பது போல ஒவ்வோர் ஓடையையும் எட்டிப் பார்த்தோம். புல்வெளியில் ஒரு மரை நின்று எங்களைப் பார்த்தது. “எவ்வளவு அழகு” என்றான் பேரன். எனக்கு வன்னியில் தின்ற மரைவத்தல் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்காரர். சமவெளிக்குப் பெயர் தந்த ஹோட்டன் ஆங்கிலேயத் தேசாதிபதி. இந்தச் சமவெளியில் இன்று யானையும் இல்லை, தேசாதிபதியும் இல்லை, பெயர்கள் இருக்கின்றன.

உலக முடிவுக்கு வர பத்தரை. ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம் என்று பேரன் தொலைபேசியில் வாசித்தான். முன்னால் ஒரே வெள்ளை.

“இதிலை பள்ளம். நேரை கீழை. வானம் வெளிச்சிருந்தால் தெற்குக் கடலும் தெரியும்” என்றேன். ஐம்பது வருடத்தில் எனக்குத் தெரிந்த உலக முடிவு அவ்வளவுதான். அக்கா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “குளிர் நல்லாயிருக்கு” என்றார்.

திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: “பற்றறியை ஏன் அம்மம்மா ஒளிச்சனீங்கள்?” பட்டிப்பொலவில் தொடங்கிய பதில் முறிகண்டி வரை வந்தது. அங்கே கச்சான் வாங்க இறங்கினோம். அந்த நாளில் கடதாசிச் சுருளில் தருவார்கள். கடைக்காரப் பிள்ளை சொப்பிங் பையில் அள்ளிப் போட்டாள்.

“பை வேண்டாம் பிள்ளை. கடதாசியிலை சுத்தித் தா” என்றார் அக்கா.

“ஏன் அம்மம்மா? பூங்கா முடிஞ்சுது. இனி ஒருத்தரும் பாக்க மாட்டினம்.”

அக்கா அடையாள அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆனையிறவிலை மறிச்சாலும் மறிப்பாங்கள். ஆர் கண்டது?”