மதுரை வெயிலில் செர்ரி

கே: மொட்டை மாடித் தொட்டியில் செர்ரி வளர்க்க ஆசை. எங்கள் ஊர் வெயிலில் காய்க்குமா?
– ஒரு வாசகி, மதுரை

ப: காஷ்மீர் செர்ரி என்றால் ஆசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது ஒழுங்காகப் பூக்கவே, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் சுமார் 1,000 மணி நேரம் உறங்கி எழ வேண்டும். மார்கழியிலும் மின்விசிறி நிற்காத ஊரில் மரம் எங்கே தூங்கும்?

பார்படோஸ் செர்ரி வையுங்கள். பெயர்தான் செர்ரி, காஷ்மீர்க்காரருக்குச் சொந்தமில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்களைப் போல நம் வெயிலுக்கு அசராது. பதியன் கன்று, பெரிய தொட்டி, நீர் தேங்காத மண், நாள் முழுக்க வெயில் போதும். பூத்த ஒரு மாதத்துக்குள் பழம் கைக்கு வந்துவிடும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு, புளிப்பும் தாராளம். பறித்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது என்பதால், பக்கத்து வீட்டாரோடு இப்போதே சமாதானமாகிவிடுங்கள்.

கேக் மேல் உட்காரும் சிவப்புச் செர்ரிதான் வேண்டுமென்றால் களாச் செடி நடுங்கள். பேக்கரிகளில் பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறி, சாயம் பூசி அந்த வேஷம் கட்டுவது நம் களாக்காய்தான். முள்செடியாச்சே, வேலிச் செலவும் மிச்சம்!