வானத்துக்கு ஒரு தெருவிளக்கு

சென்னை ஆழ்வார்பேட்டையில் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து நெபுலாவைப் படம் எடுப்பவன் பைத்தியக்காரன். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அவன் வீட்டாருக்கும்கூட. அவன் தலைக்கு மேல் ராத்திரி முழுக்க வெளிச்சத்தைக் கொட்டும் ஊரை மட்டும் யாரும் வைத்தியரிடம் காட்டச் சொல்வதில்லை.

வானத்தின் இருட்டை அளக்க ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்கர் 2001இல் ஒன்பது படி வகுத்தார். முதல் படி, விளக்கே இல்லாத வனாந்தரம். ஒன்பதாவது, பெருநகரத்தின் நடுமையம். நாம் ஒன்பதில் இருக்கிறோம். பத்து என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கும் டெண்டர் விட்டிருப்பார்கள்.

ஒன்பதாம் படியில் வெறும் கண்ணுக்கு எட்டுவது ஏறத்தாழ நான்காம் ஒளியளவு வரைதான்; எண் ஏற ஏற விண்மீன் மங்கல். அருந்ததியின் ஒளியளவும் நான்கு. கல்யாண மண்டபத்தில் பட்டப்பகலில் சாஸ்திரிகள் கூரையைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்கிறார். மாப்பிள்ளை, "தெரியறது" என்கிறார். தெரிந்தது வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட். சரி, சம்பிரதாயம். ராத்திரி வாசலில் நிறுத்திக் கேட்டாலும் இந்த ஊரில் பெரும்பாலும் அதே பொய்யைத்தான் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் நுங்கம்பாக்கம். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டிய இடம். அங்கிருந்து 1861இல் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அங்கேயே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். இன்று அந்த வளாகத்தில் வானிலை மையம் இருக்கிறது. பழைய கருங்கல் தூண் ஒன்று மிச்சம். கம்பெனிக்காரன் ஊரைக் கொள்ளையடித்தான். வானத்தை விட்டுவைத்தான்.

நம் மாடிக்காரருக்கு வருவோம். கருவியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். சென்னையில் அது அடிவானத்துக்கு மேல் 13 பாகை. அதாவது, எதிர் அடுக்ககத்து பாத்ரூம் ஜன்னல். சந்தேகப் பார்வைகளைப் பொறுத்துக்கொண்டு ஓரியன் நெபுலாவைப் பிடிக்கிறார். கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். அதனால் சில நொடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் அடுக்கி, ஊர் வெளிச்சத்தைக் கழிக்கிறார். அந்த ஒளி கிளம்பி சுமார் 1,300 ஆண்டு ஆகிறது. பல்லவர் காலத்தில் புறப்பட்டது, வந்து சேரும் கடைசி நொடியில் நகைக்கடை விளம்பரப் பலகையில் முங்கிச் சாகிறது.

முன்பு சோடியம் விளக்கு. பெரும்பாலும் மஞ்சளாகவே கொட்டும். ஒரு ஃபில்டர் போட்டால் பெருமளவு மறைக்கலாம். பிறகு மின்சிக்கனம் என்று எல்இடி வந்தது. சிக்கனம்தானே என்று நாலு கூடுதலாக மாட்டினார்கள். வெள்ளை எல்இடியில் இருக்கும் நீலம், மஞ்சளைவிட அதிகமாகக் காற்றில் சிதறும். ஃபில்டருக்கும் முழுக்க அடங்காது. இனி ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடுகிற விலை உயர்ந்த ஃபில்டர் வாங்க வேண்டும். வெளிச்சத்துக்கு வரி கட்டியவர், அதிலிருந்து தப்பிக்க மறுபடி பணம் கட்டுகிறார்.

பாதுகாப்பு என்பார்கள். பெண்கள் நடக்கும் சந்தில் விளக்கு எரியட்டும். யார் வேண்டாம் என்றது? விளக்கு ஏன் மேலே பார்க்கிறது? அங்கே எந்தத் திருடன் நடமாடுகிறான்? மேம்பாலத் தூணுக்குக் கலர் லைட். மரத்துக்கு சீரியல் பல்பு. சந்து மட்டும் இருட்டு.

ஒரே ஒரு முறை விடிவு பிறந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். பாதி ஊர் நாள்கணக்கில் இருண்டு கிடந்தது. மறுநாள் ராத்திரி முழு நிலா. ஆட்சியாளர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது; நிலாவும் உடந்தை.

காற்று மாசுக்கு 1981இல் சட்டம் போட்டார்கள். ஒலி மாசுக்கு 2000இல் விதிகள். அவற்றின் கதியை ஆடி மாத ஸ்பீக்கர் சொல்லும். ஒளி மாசுக்குத் தனிச் சட்டமே இல்லை. பிரான்ஸில் 2013 முதல் ராத்திரி ஒரு மணிக்குள் கடை ஜன்னல் விளக்கை அணைக்க வேண்டும். நம் நாட்டிலும் இருட்டைக் காப்பாற்றுகிறார்கள்: 2022இல் லடாக்கின் ஹான்லே. நட்சத்திரம் பார்க்க ஆசையா? சீன எல்லைக்குப் போ.

2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அந்தத் தேதி தேசிய விண்வெளி நாள் ஆனது. விண்வெளியைக் கொண்டாட நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கட்டடத்துக்கு விளக்கு அலங்காரம்.

மாடிக்காரர் கடைசியில் ஒரு புகார் போட்டார். படிவத்தில் 'விளக்கு எரியவில்லை' என்ற வகைதான் இருந்தது. அளவுக்கு மீறி எரிவதற்கு இடமில்லை. இருந்ததையே தேர்ந்தெடுத்து, விவரத்தில் எல்லாவற்றையும் எழுதினார். ஊழியர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். பதில் வந்தது: "விளக்கு நன்றாக எரிகிறது. புகார் முடித்து வைக்கப்பட்டது."