காதில் எழுத மறந்த சாமியார்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பேய்க்குப் பஞ்சம் வந்ததில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலைவிளக்கு வெளிச்சத்தில் பால்மரம் வெட்டிய சனம் நாங்கள். மர நிரைக்கு ஒரு பேய் இருந்தது. சம்சு சாராயம் குடித்தவர் கண்ணில் பட்டவை தனிக் கணக்கு. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது ஆட்களுக்குத்தான் வேலை போயிற்று, பேய்களுக்குப் போகவில்லை. மலாய்ப் பேயும் எங்களுக்கு அந்நியமில்லை. 1957-இல் 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் பேய்ப்படத்தை இயக்கியவரே கேரளத்திலிருந்து வந்த பி.என். ராவ்தான்.

ஆகவே பேய்ப்பட விமர்சனத்தில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய என் பெரியம்மாவை மிஞ்ச ஆளில்லை. எந்தப் படத்துக்கும் பத்து நிமிடம்தான் தவணை. "இவ்ளோ பவுடர் அப்பிக்கிட்டு எந்தப் பேய்டா ராத்திரில வரும்?" என்று எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் முன்னால் 'குவைதான்' படத்தைப் போட்டேன். மசாக்கி கோபயாஷி 1964-இல் எடுத்தது. கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது. நான்கு கதைகள், மூன்று மணி நேரம்.

"ஜப்பான்காரன் படமா? எங்கப்பாவ சயாமுக்கு ரயில் போட இழுத்துட்டுப் போனவன், இப்பப் பேய வேற காட்டுறானா?"

நியாயமான கேள்வி. 1942-43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குப் போன தாத்தா திரும்பவில்லை. இந்த இயக்குநரும் கட்டாயத்தில் படைக்குப் போனவர், போர் பிடிக்காமல் பதவி உயர்வையே மறுத்துச் சாதாரண சிப்பாயாக இருந்தவர் என்றேன். "அப்ப சரி, போடு" என்று அனுமதி கிடைத்தது.

முதல் கதைக்கு வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் பனிப்பெண் வந்தாள். பின்னால் வானம் முழுக்க வரைந்துவைத்த கண்கள். "ஐஸ் பெட்டியிலேர்ந்து எறங்கி வந்தவ மாதிரி இருக்கா. ஆனா பாவம்" என்றார். பேயைப் பார்த்துப் பெரியம்மா பாவம் என்றது அன்றுதான்.

மூன்றாவதில் ஹோய்ச்சி, கண் தெரியாத பாடகன். 1185-இல் கடற்போரில் மூழ்கிச் செத்தவர்களின் ஆவிகள், தங்கள் தோல்விக் கதையைப் பாடச் சொல்லி இரவில் அவனை அழைத்துப் போகின்றன. அவனைக் காப்பாற்ற, கோயில் சாமியார் உடம்பெல்லாம் தூரிகையால் மந்திரம் எழுதவைக்கிறார். பெரியம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"டேய், காது! காதுல எழுதலடா!"

சாமியாருக்கு எங்கே கேட்கிறது? ஆவி வந்தது. மந்திரம் மறைத்த உடம்பு தெரியவில்லை, காதுகள் மட்டும் தெரிந்தன. பிய்த்துக்கொண்டு போயிற்று. "நம்ம பூசாரியா இருந்தா வாங்குன காசுக்காச்சும் முழுசா எழுதியிருப்பாரு" என்றார் பெரியம்மா.

காதைப் பிய்த்தார்களே தவிர, சத்தம் போட்டு நம் காதைக் கிழிக்கவில்லை. தோரு தாக்கெமிட்சுவின் இசையில் பாதி மௌனம். பயம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்காருகிறது. கொஞ்ச நேரத்தில் அது துக்கம் என்று தெரிகிறது.

"செத்தவங்களுக்கும் அவங்க கதைய யாராச்சும் சொல்லணும்னு இருக்கும்ல" என்றார் பெரியம்மா. "எங்கப்பாவோட போன கூட்டம் வந்து கேட்டா பாட யாருடா இருக்கா?"

நம் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். பவுடர் செலவை மிச்சப்படுத்தி, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களை வைத்து ஒரு பேய்ப்படம் எடுங்கள். முதல் இரண்டு டிக்கெட் எங்களுக்கு.