அண்ணன் வண்டியின் அழகு

அண்ணே, சூரியநெல்லியில் உங்கள் வண்டியைப் போல் அழகான பழைய வண்டி இன்னொன்று இல்லை. முகத்துக்கு நேரே சொல்லும் இச்சகம் என்று நினைக்காதீர்கள். 1994இல் ஐயா ஏலக்காய் விற்ற காசில் எடுத்த மாருதி 800. அந்த மாடலையே கம்பெனி 2014 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஆனால் உங்கள் வீட்டு முற்றத்தில் அது புதுமாப்பிள்ளை போல நிற்கிறது. பெயின்ட் மங்கவில்லை, பம்பர் நெளியவில்லை, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. சுற்றிலும் வெள்ளையடித்த கற்களை வரிசை பிடித்துப் பதித்திருக்கிறீர்கள். தேர் நிற்கும் இடத்தைக்கூட அவ்வளவு சுத்தமாக வைக்கமாட்டார்கள். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ஆண்டுக்கு நாலைந்து தடவை மட்டும் மலையேறி வரும் ஒருவர் தகப்பனார் நினைவாக ஒரு வண்டியை இப்படிப் பேணுவது பெரிய காரியம்.

எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் ஜீப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள், போடி தாலுகாவில் இருந்தாலும் வண்டித்தடம் எங்கள் ஊர் வழியாகத்தான். ஏழாயிரம் அடிக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு வெகுமுன்பே கல்லும் குழியுமான எஸ்டேட் பாதையில் ஜீப்புகள் கிளம்பும். ஒன்றுக்கு மட்கார்டு சப்பை, ஒன்றுக்கு டாப்பில் ஒட்டு, ஒன்றுக்கு ஒரு கதவின் நிறம் வேறு. எல்லாவற்றுக்கும் அடியில் சேறு, என்ஜின்மேல் கிரீஸ் கறை. மாதத்தில் இரண்டு நாள் பட்டறையில்தான் கிடக்கும். அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமான் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்து நின்றாளாமே. உங்கள் முற்றத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புறநானூற்றுக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

முதலில் அந்தத் தார்ப்பாயைச் சொல்ல வேண்டும். நல்ல கெட்டியான நீலத் தார்ப்பாய். ஒரு துளி மழை உள்ளே போகாதபடி தரைவரை இழுத்து நான்கு மூலையிலும் கயிறு கட்டிவிட்டுப் போகிறீர்கள். ஒரு பொருளின்மேல் இவ்வளவு அக்கறை உள்ளவரை நான் பார்த்ததில்லை. மழை உள்ளே போவதில்லை, உண்மைதான். தரையிலிருந்து கிளம்பும் ஈரம் வெளியே போவதுமில்லை. பகலில் கொஞ்சம் வெயில் பட்டதும் உள்ளே ஆவியாகி, ராத்திரிக் குளிரில் கூரைமேலும் கதவுமேலும் முத்து முத்தாக வேர்க்கிறது. கொழுந்தை வாட்டிப் பழகிய ஊர் இது. பரப்பிவைத்துக் காற்று விட்டால் கொழுந்து வாடும், சாக்கில் திணித்துக் கட்டினால் வெந்து போகும் என்பது தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு வாரம் நின்றவனுக்கும் தெரியும். மேலே தகரக் கொட்டகை, நான்கு பக்கமும் காற்று: வண்டி கேட்பது அவ்வளவுதான். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வடிய. பாலிஷ் போடுகிற ஆள் அதையும் விடாமல் மெழுகால் அடைத்து மினுக்கியிருக்கிறார். வலதுபக்கக் கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்கும்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தும்படி காவல்காரரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவரும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்த ஒழுங்கை என்னால் என் ஜீப்பிடம்கூடக் காட்ட முடியவில்லை. ஆனால் அண்ணே, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. சூடேறிய வண்டியில் அது புகையோடு வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாகாது. ஆவி அங்கேயே தண்ணீராகித் தங்கி உள்ளிருந்து தகரத்தைத் தின்கிறது. வெளியே பார்த்தால் வெள்ளி மாதிரி இருக்கும், சாவியால் குத்தினால் பொத்தலாகும். என்ஜின் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தேன். மோர் கடையும்போது மத்தில் ஒட்டுமே வெண்ணெய், அதே நிறத்தில், அதே பதத்தில் திரண்டிருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்த கலவை அது.

பேட்டரி சங்கதியும் இதேதான். ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய அது கொடுப்பதை ஐந்து நிமிட ஓட்டம் முழுதாகத் திருப்பிக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். உங்களுடையது 12.1 காட்டியது. தண்ணீர் உறையும் அளவு குளிரில் நல்ல பேட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். ஜனவரியில் மூணாறுப் பக்கம் புல்மேல் உறைபனி படிகிற நாட்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டெர்மினல் இரண்டும் பூத்துப் போயிருந்தன. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாசலின் தடவி வைத்தேன். வாரம் ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பூப்பாறை வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். ஏற்றத்தில் இழுத்தால்தான் அந்த என்ஜின் வேர்வையை ஆற்றிக்கொள்ளும். போகவர இரண்டு வேளையும் ஆனையிறங்கல் அணையைப் பார்த்தபடி ஓட்டுவது காவல்காரருக்கும் ஒரு சந்தோஷம்.

ஆயுத பூஜையை நீங்கள் செய்கிற மாதிரி இந்த மலையில் யாரும் செய்வதில்லை. வாழைக்கன்று, எலுமிச்சை, பூசணிக்காய், நாலு வீட்டுக்குப் பொரி. அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, குழாயை நேரே பிடித்து, என்ஜினைப் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்கிவிட்டீர்கள். சுத்தத்தில் குறை சொல்ல இடமே இல்லை. அன்று உள்ளே போன தண்ணீர் டிசம்பரில் வெளியே வந்தது. நினைவிருக்கிறதா? விடிகாலை ஐந்து மணிக்கு அம்மாவைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டதும் ஓடி வந்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு, நீங்கள் சாவியைத் திருப்ப, நான் பானெட்டுக்குள் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின்மேல் நீல நூல் மாதிரி நெருப்பு ஊர்ந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட், ஈரம் காட்டிய வழியில் சும்மா வழிந்துகொண்டிருந்தது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? பனிக்குள் மின்மினி ஓடுகிற மாதிரி. கேப்பைக் கழற்றிப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, உங்கள் வீட்டு அடுப்போரம் வைத்து ஈரம் வாங்கவிட்டு, பிளக் ஒயர் முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி மாட்டிய பிறகுதான் பிடித்தது. அந்த அரைமணி நேரமும் அம்மா பின் சீட்டில் போர்வைக்குள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். கேப்பில் தலைமுடி அளவு விரிசல் இருக்கிறது. புதுக் கேப்பும் ரோட்டரும் பிளக் ஒயரும் மாற்றுங்கள். இந்தத் தடவை பூஜைக்குத் துணியால் துடைத்தால் போதும், சரஸ்வதி கோபித்துக்கொள்ளமாட்டாள்.

வண்டிக் காகிதங்களை நீங்கள் வைத்திருக்கும் நேர்த்திக்கு ஈடே கிடையாது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்தீர்கள். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை, ஒரு நாள் பிந்தாமல். எல்லாம் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக இருக்கின்றன. சட்டம் கேட்பது ஐந்தாண்டுக்கு ஒரு முறை. பனி கேட்பது தினமும். நீங்கள் ஏமாந்த இடம் எதுவோ அதை விரல் வைத்துக் காட்டிவிடும்.

அது விரல் வைத்த இடங்களில் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது பிரேக் ஆயில். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஆகட்டும், அப்போது மாற்றலாம் என்றீர்கள். கையேட்டை வரிக்கு வரி படித்து நடக்கிறவர் நீங்கள். ஆனால் அதே கையேட்டில் பக்கத்திலேயே காலமும் போட்டிருக்கும். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. இந்த வண்டி ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். முப்பதாயிரம் ஆக அறுபது வருடம் பிடிக்கும். நின்றாலும் ஓடினாலும் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அது அதன் குணம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம். நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை, 3.7 பங்கு தண்ணீர் கலந்துவிட்டால் அது 140க்கு இறங்கிவிடும். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். உங்கள் டப்பாவில் இருப்பது கட்டன் சாயா.

அதோடு தைப்பொங்கலுக்கு, அம்மாவும் பிள்ளைகளுமாக இதே வண்டியில் போடிக்கு இறங்கப் போவதாகச் சொன்னீர்கள். ஐயா ஓட்டிப் போன பாதையில் ஐயாவின் வண்டியிலேயே போக வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. போடிமெட்டிலிருந்து முந்தல் வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிற வழக்கமும் உங்களுக்கு உண்டு. எட்டாவது, ஒன்பதாவது வளைவுக்குள் பிரேக் கொதிக்கும். ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகும். ஆவி நசுங்கும், ஆயில் நசுங்காது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், வண்டி நிற்காது. மேட்டில் ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியரில்தான் எங்கள் ஆட்கள் இறங்குவார்கள். அழுக்கு ஜீப்தான், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுக்க வடித்து, ஏர் எடுத்து, புதிது ஊற்றிவிடுவார்கள். அரைநாள் வேலை. நீங்கள் வாங்கும் பாலிஷ் டப்பாவின் விலைகூட வராது ஆயில். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் சீக்கிரம் வாருங்கள் அண்ணே. நானே உடன் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. போகும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு பொறுப்பாக, கடைசிப் பல்வரை இழுத்துவிட்டுப் போகிறீர்கள்! போன திங்கட்கிழமை காவல்காரரிடம் சாவி வாங்கி அதை இறக்கினேன். லிவர் இறங்கியது, சக்கரம் விடவில்லை. பின்பக்க டிரம்மில் ஷூ துருவோடு ஒட்டிப் பிடித்திருந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னும் ஆட்டியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு விட்டது. இப்போது முதல் கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன். தார்ப்பாயையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியாயிற்று. உருளாமல் இருக்கக் கல் தேடினேன், கைக்கு எதுவும் அகப்படவில்லை. உங்கள் வெள்ளையடித்த வரிசையிலிருந்து ஒன்றைப் பெயர்த்துப் பின் டயருக்கு அடை கொடுத்திருக்கிறேன். வந்து பார்க்கும்போது வரிசையில் பல் விழுந்த மாதிரி ஒரு இடம் தெரியும்.