அன்றைய கல்யாணத்தை அன்றே திரையிடல்: கொற்கைத் துறை முதல் எல்.இ.டி. திரை வரை ஓர் ஆய்வு

தூத்துக்குடியில் காலையில் தாலி கட்டி அன்று மாலையே வரவேற்பும் வைக்கிற கல்யாணங்களில், மேடையோரத் திரையில் காலையில் எடுத்த படங்கள் பாட்டோடு ஓடுவது வழக்கமாகிவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் இதை ‘சேம் டே எடிட்’ என்கிறார்கள். மூன்று நிமிடம் ஓடும். முடிந்ததும் சனம் பந்திக்கு எழுந்துவிடும். இத்தனை கனமான பொருளுக்கு இன்னும் ஒரு கருத்தரங்கு மலர்கூட வராதது தமிழாய்வுக்கு இழுக்கு என்பதால் இக்கட்டுரை.

முதலில் தோற்றம். எந்த ஆய்வும் சங்க காலத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு கல்யாணம் வருகிறது. உழுத்தங்களி, பந்தல், பரப்பிய மணல், விளக்கு, மணமகளை நீராட்டும் மகளிர் நால்வர் என ஷாட் பிரித்தே எழுதியிருக்கிறார் புலவர். போட்டோகிராபரைப் பற்றிக் குறிப்பு இல்லை. குறிப்பு இல்லை என்பதால் ஆளும் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம்; அகழாய்வு முடியட்டும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி கல்யாணச் செய்தியை யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்குச் சொல்கிறார்கள். உயரத்தை மட்டும் வைத்து இந்த யானையே டிரோனுக்கு முன்னோடி என்று நிறுவலாம். இதைவிட மெலிந்த ஆதாரத்தில் பட்டம் வாங்கியவர்கள் உண்டு.

டிரோன்: துறைமுகப் பக்கம் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் ஆய்வு காவல் நிலையத்தில் முடியும்.

அடுத்து கோட்பாடு: படத்தோடு படம் ஒட்டிப் பொருள் உண்டாக்கும் மாண்டேஜ். ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தின் படிக்கட்டுக் காட்சி நடப்பது ஒடெஸாவில். ஒடெஸா ஒரு துறைமுகம். தூத்துக்குடியும் துறைமுகம். ஒப்பாய்வுக்கு இது போதும். அவருடைய நாட்டுக்காரர் குலெஷோவ் செய்த சோதனைதான் கல்யாண வீட்டுக்கு இன்னும் நெருக்கம். ஒரே நடிகரின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடு ஒட்டினால் பசி என்றும், சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கம் என்றும் சனம் புரிந்துகொண்டது. இங்கே தாய்மாமன் முகத்தை மணமகளுக்குப் பக்கத்தில் ஒட்டினால் பாசம். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டினால் வயிற்றெரிச்சல். மாமா உண்மையில் தேடிக்கொண்டிருந்தது செருப்பை (மண்டப வாய்மொழி, பந்தி 2).

இனி கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்று வைத்துக்கொள்வோம். ‘ரா’வாக எடுத்தால் படம் ஒன்றுக்கு 25 எம்.பி., ஆக மொத்தம் 50 ஜி.பி. விநாடிக்கு 100 எம்.பி. இழுக்கும் கார்டு ரீடரில் காப்பி ஆக 500 விநாடி. மூன்று நிமிடப் பாட்டில் படத்துக்கு மூன்று விநாடி கொடுத்தால் திரைக்குப் போவது 60. மிச்சம் 1,940 படங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் சண்டையே பிறக்கிறது.

கொற்கை தொட்டு முத்துக் குளித்துவந்த இந்தக் கரைக்கு, அன்றே முடிக்கும் இந்த அவசரம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முத்துச் சலாபங்களில் படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பியை எண்ணி, முத்துக் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, சர்க்கார் பங்கை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்று திறந்து பார்ப்பதில்லை. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்துப் பொறுக்க நாள் கணக்கில் ஆகும். கல்யாணத்திலும் மாண்டேஜ் அன்றே வந்துவிடுகிறது. ஆல்பம் வளைகாப்பு வரை அழுகிக்கொண்டிருக்கிறது.

மாண்டேஜில் இயற்கை, வளர்ப்பு என இரு வகை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்தது. “அண்ணே, அண்ணியப் பாத்து லேசாச் சிரிங்க” என்று கரு வைத்து எடுக்கும் படம் இரண்டாம் வகை. மாப்பிள்ளை தானாகக் கொட்டாவி விடும் படம் முதல் வகை. அது திரைக்கு வருவதில்லை.

இனி ஆய்வின் மையம்: விடுபட்ட அத்தை.

மணமகள் அறையின் மூலையில், பிளாஸ்டிக் நாற்காலிமேல் மடிக்கணினி. சுற்றிலும் ஹேர்பின், உதிர்ந்த மல்லிகை, பாதி தின்ற மக்ரூன். ரெண்டர் 94 சதவீதத்தில் நிற்கிறது. ஊரில் 1,050 மெகாவாட் திறனில் அனல்மின் நிலையம் இருக்கிறது. மண்டபம் ஜெனரேட்டரில் ஓடுகிறது. எடிட்டருக்கு இந்தக் குடும்பத்தில் மணமக்களைத் தவிர யாரையும் தெரியாது. “பெர்னாண்டோ வீட்டுக்காரங்கள விட்டுறாத” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பனிமய மாதா கோவில் பங்கில் போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து நிலைத்துவிட்ட அந்தப் பெயர் மண்டபத்தில் பாதிப் பேருக்கு உண்டு.

இந்த இடத்தில் எட்கர் தர்ஸ்டன் கைகொடுத்திருப்பார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரான அவர் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் பற்றி எழுதினார். பிறகு தென்னிந்தியர் மூக்குகளை அளந்தார். 1909இல் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். வாசலில் ஓர் அளவுகோலோடு அவரை உட்கார வைத்திருந்தால் இது பெண் வீட்டு மூக்கு, இது மாப்பிள்ளை வீட்டு மூக்கு என்று பிரித்துக் கொடுத்திருப்பார். விஞ்ஞானம் அதைவிட உருப்படியான வேலை எதையும் அந்த மூக்குகளிடம் செய்யவில்லை.

திரை ஓடி முடிகிறது. கைதட்டல். பிறகு:

“ஏல தம்பி, எங்க அக்கா எங்கல?”

“வந்தாங்களே அண்ணாச்சி, குரூப் போட்டோல, பின்வரிசைல...”

“அது கொண்டைலா வந்துச்சு!”

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடு சொல்கிறது. மாண்டேஜ் எடுத்தாள்வது அழுகையும் உவகையும் மட்டுமே, மீதி ஆறையும் அத்தை ஒருவரே பந்தியில் நிகழ்த்திக் காட்டினார் (மண்டப வாய்மொழி, பந்தி 3, இலை 14, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட பகுதி, ‘இலை 15’ என்பது பாடபேதம், அப்பளம் நொறுங்கியதால் மூலம் தெளிவில்லை). இந்த இயலுக்கு உரை செய்த இளம்பூரணரும் பேராசிரியரும் கொண்டை மட்டும் தெரியும் அத்தையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் பலருக்கு வேலை நிரந்தரமாகிறது.

மணமக்கள் மேடையில் நின்றதால் திரையைப் பார்க்கவே இல்லை. பார்த்தது மொத்தமும் சொந்தக்காரர்கள், அதுவும் தங்கள் தலை வருகிறதா என்று எண்ணிக்கொண்டு. மாண்டேஜ் கலை என்கிற தரப்பும் தொழில்நுட்பம் என்கிற தரப்பும் இனி ஓய்வெடுக்கலாம். அது வருகைப் பதிவேடு.

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்திருப்பவர்கள் மெமரி கார்டைக் கொடுக்கும்போதே இரு வீட்டு அத்தைமார் பட்டியலையும், ஆளுக்கொரு முகம் தெரிகிற படத்தோடு, மதியச் சாப்பாட்டுக்கு முன் எடிட்டரிடம் சேர்த்துவிடவும்.